செம்மநத்தத்துப் பாலைவனம்

மழையில் நனைந்தால் அதற்கு வியர்வை என்று பெயர். இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் தேவசிகாமணி சார். குடும்ப நில அனுபவக் கழகத்தின் ஏற்காடு முகாம் அதிகாரி. நல்ல மனிதர். குடையில்லாமல் அவர் எங்கும் போய் நான் பார்த்ததில்லை.

மலையில் இருப்பவர்கள் பாலைவனத்தைப் பார்த்ததில்லை, பாலைவனத்தில் இருப்பவர்கள் கடலைப் பார்த்ததில்லை, கடற்கரையில் இருப்பவர்கள் மலையைப் பார்த்ததில்லை, இப்படி அவரவர் இடத்திலேயே இருந்தால் நாடு எப்படி ஒன்றாகும் என்று மேலிடத்தில் யாருக்கோ கவலை வந்ததாம். அந்தக் கவலைக்கு ஒரு கட்டடம், ஒரு ஜீப், ஒரு அதிகாரி, ஒரு காவலர் எல்லாம் கொடுத்து ஏரிக்குப் பக்கத்தில் கிளை திறந்திருந்தார்கள். எண்பத்தேழாம் வருஷம் ஐப்பசியில் அந்தக் கவலை ஜீப்பில் ஏறி எங்கள் ஊருக்கு வந்தது.

பள்ளிக்கூட வாசலில் கூட்டம். ராஜஸ்தானில் பாலைவன தேசியப் பூங்கா என்று ஒன்று இருக்கிறது, அங்கே கூடாரம் அடித்து, பிள்ளை குட்டிகளோடு தங்கி, ஒட்டகமும் கானமயிலும் பார்த்துவிட்டு வர ஒரு மலைக் குடும்பத்தைக் கழகம் கூட்டிப்போகும் என்றார் தேவசிகாமணி சார். யார் வருகிறீர்கள் என்றார். எல்லோருக்கும் காட்டில் வேலை இருந்தது. சரி, யோசித்துச் சொல்லுங்கள் என்று அவர் பையைத் திறந்தார். அக்கா மகள் கல்யாணத்தில் மீந்துபோன கொட்டைப்பாக்கு அதில் நிறைய இருந்தது. ஆளுக்கு ஒன்று கொடுத்தார். எல்லோரும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்கள். எங்கள் அப்பா மாதையன் மட்டும் இரண்டு கையாலும் வாங்கி, வேட்டி மடியில் முடிந்துகொண்டார்.

எங்கள் பக்கத்தில் கொடுத்த பாக்கை மென்றுவிட்டால் அது வெறும் பாக்கு. மடியில் முடிந்துகொண்டால் அது வாக்கு. கொடுத்தவரே திரும்ப வாங்கிக்கொண்டால்தான் விடுதலை. அப்பாவின் சித்தப்பா ஆறு வயதில், சந்தையில் யாரோ கொடுத்த பாக்கை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு வந்துவிட்டார். அதற்காக அவருடைய அண்ணன் முன்பின் பார்க்காத ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வாங்கியது பெரியவரா குழந்தையா என்பதெல்லாம் கணக்கில்லை. முடிச்சு விழுந்தால் வீட்டுக்கே வாக்கு.

வரும் வழியில் எங்கள் அம்மா அத்தாயி கேட்டாள்.

"ஏனுங்க, அந்தப் பாக்கு எங்கீங்க?"

"மடியில இருக்குது."

"எல்லாரையும் மாதிரி மென்னுட்டு வந்திருக்கக் கூடாதுங்களா?"

"பெரிய மனுசரு. கையில எடுத்துக் கொடுக்கறாரு. அவரு மூஞ்சிக்கு முன்னால வாயில போட்டு மென்னா மரியாதையா இருக்குமா?"

"இப்ப ராஜஸ்தானுக்குப் போறது மட்டும் மரியாதையா இருக்குதுங்களா?"

எங்கள் செவலைப் பசு அப்போது நிறைமாதம். போன தடவை கன்று தலை திரும்பி நின்று, பார்க்க ஆளில்லாமல், உள்ளேயே செத்துப்போய்விட்டது. செவலை அம்மாவைத் தவிர யாரையும் பின்பக்கம் நெருங்க விடாது. அப்பாவையே இரண்டு முறை உதைத்திருக்கிறது. இந்தத் தடவை அம்மா பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பது எங்கள் வீட்டில் சின்னவள் கண்ணம்மாளுக்குக்கூடத் தெரியும்.

மறுநாள் அப்பா எங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஏற்காட்டுக்கு நடந்தார். வாக்கைக் காப்பாற்றத் தானாகவே வந்து நிற்கும் ஒரு குடும்பத்தைப் பார்த்து தேவசிகாமணி சார் சற்று பயந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு சமாளித்துக்கொண்டு உட்காரச் சொன்னார்.

"குழந்தைகளோட பாலைவனத்துக்குப் போறது விளையாட்டில்ல மாதையன். அங்க தண்ணி கிடைக்காது. நிழல் கிடைக்காது. கூப்பிட்டா ஏன்னு கேக்க ஆள் இருக்காது. எங்க கழகத்துல இருந்து இருந்து எனக்கு இதெல்லாம் நல்லாப் பழகிப்போச்சு. உங்களுக்குப் பழக வேண்டாமா?"

"சரிங்க சார். இதுவரைக்கும் எத்தனை குடும்பம் போயிட்டு வந்திருக்குதுங்க?"

"போறது யாரு வேணாலும் போகலாம். பஸ் ஏறினா சேலம், ரயில் ஏறினா டில்லி. திட்டம் போட்டுப் போறதுதான் கஷ்டம். கழகம் ஆரம்பிச்சதுலிருந்து ஒரு குடும்பத்தைக்கூட நாங்க அவசரப்பட்டு அனுப்பினதில்ல. அனுப்பினதே இல்ல. அதுதான் எங்களுக்குப் பெருமை."

அம்மா மெதுவாகச் சொன்னாள். "பசு நிறைமாசமா இருக்குதுங்க சார். அது கன்னு போட்டதுக்கு அப்புறம் வர்றமுங்களே."

"பாலைவனத்துல பசு கிடையாதும்மா. இல்லாத ஒண்ணை நெனைச்சு ஏன் கவலைப்படறீங்க?"

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்ல வேண்டுமா என்று நான் கேட்க நினைத்தேன். அதற்குள் அவரே சொல்லிவிட்டார், பாலைவனத்தில் பள்ளிக்கூடமும் கிடையாது என்று.

முதலில் ஒத்திகை முகாம். நாங்கள் நான்கு பேரும் குடும்பமாக ஒரு மாதிரிப் பாலைவனத்தில் தங்க வேண்டும். எப்போது முடியும் என்று அப்பா கேட்டார். வெப்பமானி நாற்பது டிகிரி காட்டியதும் முடிந்துவிடும் என்றார் சார். அங்கே நாற்பது டிகிரி வெயில் அடிக்கும், அந்த வெயிலில் எங்கள் குடும்பம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்காமல் எப்படி அனுப்புவது? டிகிரி என்றால் என்னவென்று அப்பாவுக்குத் தெரியாது. நாற்பது அவருக்குச் சின்ன எண்ணாகத் தோன்றியது. சரிங்க என்றார்.

மாதிரிப் பாலைவனம் எங்கள் ஊர் செம்மநத்தத்திலேயே இருந்தது. எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்ச் சரிவில் ஒரு எஸ்டேட்டின் பழைய காப்பிக் களம். எங்கள் வீட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சின்ன ஓடை. அந்தக் களத்தில் சேலத்திலிருந்து லாரியில் ஆற்று மணல் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வந்த மணல், முதல் மழையிலேயே பாதி ஓடையில் இறங்கிவிட்டது. சுற்றிலும் சில்வர் ஓக் மரங்கள். பாலைவனத்தில் மரம் இருக்கக் கூடாது. வெட்டவும் அனுமதி இல்லை. அதனால் ஒவ்வொரு மரத்திலும் 'இங்கு மரம் இல்லை' என்று ஒரு பலகை அடித்திருந்தது. எல்லைக்குத் தேங்காய்நார்க் கயிறு ஒன்று முழங்கால் உயரத்தில் கட்டியிருந்தார்கள். ஆட்டுக்குட்டி தாண்டிவிடும். எங்கள் அப்பாவால் தாண்ட முடியாது. மடியில் பாக்கு இருந்தது.

காவலர் பெயர் தங்கராஜ். சேலத்துக்காரர். மலைக்குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு ஸ்வெட்டர், தலையில் மப்ளர், மேலே குடை என்று வருவார். பல் தந்தியடிக்கும். விதிப்படி தினமும் அவர் எங்களைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது.

"ஏனுங்க, வெயில் நொம்ப அடிக்குதுங்களா?"

"அடிக்குதுங்க," என்பார் அப்பா. அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டும்.

குடிக்க ஆளுக்கு ஒரு குவளை தண்ணீர். அதற்கு மேல் கிடையாது. மேலிருந்து ஊற்றிக்கொண்டிருந்ததைக் குடிக்கக் கூடாது. கண்ணம்மாள் ஒரு தடவை வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து தேவசிகாமணி சார் வந்துவிட்டார்.

"என்ன கண்ணு பண்றே?"

"மழை குடிக்கறேன் சார்."

"அது மழை இல்ல சாமி. வியர்வை. வியர்வையைக் குடிக்கலாமா?"

"யாரு வியர்வை சார்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கழகத்தோடது," என்றார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை என்று பிற்பாடு அம்மா சொன்னாள். அந்தக் கழகத்தில் யாரும் வேலை செய்து வேறு வியர்வை சிந்தி அவள் பார்த்ததில்லையாம்.

ஒட்டகம் பழக வேண்டும் என்று ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றும் ஒரு குதிரையைப் பிடித்து வந்தார்கள். அதன் முதுகில் ஒரு தலையணையைக் கட்டி, இனி இது ஒட்டகம் என்றார்கள். குதிரை எதிர்க்கவில்லை. நாங்கள் ஒவ்வொருவராக ஏறித் தலையணையைப் பிடித்துக்கொண்டு மணலைச் சுற்றினோம். சாயங்காலம் ஆனதும் குதிரை, வழக்கமாக ஏரிக்கரையிலிருந்து லாயத்துக்குத் திரும்பும் நேரம் என்று, கயிற்றைத் தாண்டி நடையைக் கட்டியது. தலையணையோடு பனிக்குள் போய் மறைந்தது. தங்கராஜ் அதைத் தடுக்கவில்லை. ஒட்டகம் பாலைவனத்தை விட்டுப் போகக் கூடாது என்று விதி எதுவும் இல்லையாம். அன்றைக்கு அப்பா அது போன திசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெப்பமானி கூடாரத்துக் கம்பில் தொங்கியது. அது பதினேழு, பதினெட்டை விட்டு நகரவில்லை. தங்கராஜுக்கே எங்கள் மேல் இரக்கம் வந்து, ஒரு நாள் தன் டீ கிளாஸுக்குள் அதை விட்டுப் பார்த்தார். மளமளவென்று ஏறி ஐம்பதைத் தாண்டியது. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். சாரைக் கூட்டிவர அவர் ஓடினார். சார் ஜீப்பில் வந்து இறங்குவதற்குள் டீ ஆறிவிட்டது. டீயையும் காணோம், கண்ணம்மாள் குடித்துவிட்டாள். சார் மிகவும் வருத்தப்பட்டார்.

"இந்தக் கழகத்துல ஏமாத்து வேலைக்கு இடமில்ல தங்கராஜ். நாற்பதுன்னா நாற்பதுதான். வரும்போது வரட்டும். சித்திரையில வராமலா போகும்?"

"சித்திரையிலயும் இங்க முப்பதத் தாண்டாதுங்க சார்."

"அப்ப அடுத்த சித்திரை."

அம்மா அதைக் கேட்டுவிட்டுக் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் எங்கள் வீடு தெரியும். கூரை, கொட்டகை, கொட்டகையில் செவலை. மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அப்பாவின் அக்கா, அம்மாவுக்கு நங்கையா முறையான ராசம்மாள் அத்தையை வீட்டில் விட்டு வந்திருந்தோம். எங்கள் மலையில் ஒரு சரிவிலிருந்து எதிர்ச் சரிவுக்குச் சேதி சொல்ல நடந்து போக மாட்டார்கள். நின்ற இடத்திலிருந்து கூப்பிடுவார்கள். அத்தையின் குரல் இரண்டு ஊருக்குக் கேட்கும்.

பனி கொஞ்சம் விலகிய ஒரு காலையில் அந்தக் குரல் வந்தது.

"அத்தாயீ! செவலை நிக்கவும் மாட்டேங்குது, படுக்கவும் மாட்டேங்குது! தண்ணிக் குடம் வெளிய தெரியுது! கிட்டப் போனா உதைக்குது! ஓடியா!"

அம்மா எழுந்து கயிற்றுப் பக்கம் ஓடினாள். "நங்கையா! மாட்டுக் கயித்த அவுத்து உட்ருங்க! நான் இப்ப வர்றேன்!"

அன்று சார் முகாமைப் பார்வையிட வரும் நாள். தேவசிகாமணி சார் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். கையை உயர்த்தி அம்மாவை நிறுத்தினார். அவருக்குக் கோபமில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தார்.

"யாரோட பேசறீங்கம்மா?"

"எங்க நங்கையாளோடங்க. அதா, எங்க ஊட்டுல."

"ஊடா? எங்க?"

"அதா தெரியுதுங்களே சார்!"

"தங்கராஜ், குறிச்சுக்கோ. குடும்பத்துக்குக் கானல் தெரிய ஆரம்பிச்சிருச்சு." பிறகு எங்கள் பக்கம் திரும்பி வகுப்பு எடுப்பதுபோல் சொன்னார். "பாலைவனத்துல ரொம்ப நாள் இருந்தா மனசுக்குப் பிடிச்சதெல்லாம் எதிர்ல தெரியும். தண்ணி தெரியும், ஊடு தெரியும், சொந்தக்காரங்க கூப்பிடற மாதிரி இருக்கும். நம்பிப் போனீங்கன்னா தொலைஞ்சீங்க. எனக்கும் அந்த ஊடு தெரியுது. நான் நம்பறேனா?"

"அந்த மாடு சாகப்போகுதுங்க சார்," என்றாள் அம்மா. "கன்னு தலை திரும்பி இருக்கும். கை உட்டுத் திருப்பணும். என்னைத் தவிர யாரையும் கிட்ட உடாதுங்க."

"கானல்ல மாடு சாகாதும்மா. நீங்க தைரியமா இருங்க."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். கயிறு அவள் முழங்காலில் பட்டுக்கொண்டிருந்தது. அவளால் தாண்டிவிட முடியும். ஆனால் வாக்கு வீட்டுக்கே உரியது. ஒருத்தி தாண்டினால் வீடே தாண்டியதாகும்.

"ஏனுங்க, சொல்லுங்க. ஒரு கொட்டைப்பாக்குக்கு ரெண்டு உசுருங்களா?"

"வாங்கிட்டனே அத்தாயி," என்றார் அப்பா. அவர் முகம் அழுதுவிடும்போல் இருந்தது. "சேர்வராயன் சாமி பார்த்துட்டிருக்குது."

"சேர்வராயன் மாட்டையுந்தான் பார்த்துட்டிருக்குது."

மறுபடி அத்தையின் குரல். இந்தத் தடவை வார்த்தையே இல்லை, வெறும் கூப்பாடு.

அப்பா மடியை அவிழ்த்தார். இத்தனை நாள் மழையில் ஊறி அந்தப் பாக்கு கறுத்துப் போயிருந்தது. வேட்டி நுனியில் துடைத்தார். இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு தேவசிகாமணி சார் முன்னால் போய்க் குனிந்து நின்றார்.

"சார், இத நீங்க திருப்பி வாங்கிக்கோணுமுங்க. கையெடுத்துக் கும்பிடறேன்."

சார் அப்போது பேச்சின் நடுவில் இருந்தார். கழகத்தின் பெருமையை யாராவது கேட்க நின்றால் அவரால் நிறுத்த முடியாது.

"ஒரு குடும்பத்துக்குக் கானல் தெரியறது சாதாரண விஷயமில்ல மாதையன். வேற கிளை எதுலயும் இது நடந்ததில்ல. கடல் கிளையில ஒரு குடும்பத்தை வருஷக்கணக்கா ஒரு தொட்டியில உட்கார வெச்சிருக்காங்க, இன்னும் ஒருத்தருக்குக்கூட வாந்தி வரல..." சொல்லிக்கொண்டே அவர் அப்பாவின் கையிலிருந்த பாக்கை எடுத்தார். பார்க்கவேயில்லை. வாயில் போட்டுக் கடித்தார். கடவாய்ப் பல்லில் வைத்து நறுக்கென்று உடைத்தார். "...நம்ம பொறுமைதான் இதுக்குக் காரணம்," என்றார்.

நாங்கள் நான்கு பேரும் அவருடைய தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது மேலும் கீழும் போயிற்று. அவர் விழுங்கினார்.

"கொடுத்தவரே மென்னுட்டாரு," என்றாள் அம்மா.

"ஆமா," என்றார் அப்பா. நிமிர்ந்து நின்றார். "முடிஞ்சுதுங்க சார்."

அவர் முதலில் கயிற்றைத் தாண்டினார். பிறகு கண்ணம்மாளைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தார். அம்மா அதற்குள் ஓடையில் இறங்கிவிட்டாள். நான் கடைசியாகத் தாண்டினேன். கயிறு காலில் பட்டதுகூடத் தெரியவில்லை.

கானலை நோக்கிப் போகிறவர்களை மூன்று தடவை கூப்பிட்டுப் பார்க்க வேண்டும், திரும்பாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்பது விதி. தங்கராஜ் பின்னாலிருந்து கூப்பிட்டார். "ஏனுங்க, போகாதீங்க." கொஞ்சம் பொறுத்து, "போகாதீங்க அக்கா, ஓடைக்கல்லு வழுக்கும், இந்தப் பக்கமாப் போங்க." மூன்றாவது தடவை என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. தொலைவு வந்துவிட்டோம்.

செவலை அம்மாவைப் பார்த்ததும் படுத்துவிட்டது. அம்மா கைநிறைய விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். அத்தை மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு அதிகாரிகளின் ஏழு தலைமுறையையும் திட்டினாள். அம்மா தோள்வரை உள்ளே போய்விட்டதுபோல் இருந்தது. பிறகு மெல்ல, மெல்ல, கன்றின் முன்னங்கால்கள் வந்தன. அதன்மேல் மூக்கு வந்தது. கிடேரி. நாக்கு வெளியே தொங்கியது. செத்துவிட்டது என்று நினைத்தேன். அம்மா அதன் மூக்கில் வைக்கோலை விட்டு ஆட்டினாள். அது தும்மியது.

மறுநாள் காலையில் தேடும் குழு வந்தது. தேவசிகாமணி சார், தங்கராஜ், ஒரு குடை. கானலில் தொலைந்தவர்களைத் தேடாமல் விட்டால் மேலிடத்தில் கேட்பார்கள். எங்கள் வீட்டு வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார வைத்தோம். அம்மா சீம்பாலைக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சி, இரண்டு பேருக்கும் கிண்ணத்தில் கொடுத்தாள். சார் விரலால் வழித்துச் சாப்பிட்டார்.

"இந்தப் பக்கம் ஒரு குடும்பம் வந்துதுங்களா?" என்று அப்பாவைக் கேட்டார். "புருஷன், பொஞ்சாதி, ரெண்டு பொண்ணுங்க."

"நாங்கதானுங்க சார் அது."

சார் சிரித்தார். "கானல்ல யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவாங்க." கிண்ணத்தை நீட்டினார். அம்மா இன்னும் கொஞ்சம் போட்டாள்.

"இது கானல்னா நீங்க என்னத்தங்க சாப்பிடறீங்க?" என்று கேட்டாள் ராசம்மாள் அத்தை.

"ஒண்ணும் சாப்பிடலையே," என்றார் சார், வாயைத் துடைத்துக்கொண்டு. "ஆபீசர் வெளியில எங்கயும் எதுவும் சாப்பிடக் கூடாது."

மத்தியானம்வரை அவர் எங்கள் வீட்டுக் கட்டிலிலிருந்தபடியே எங்களைத் தேடினார். கிடைக்கவில்லை. தேடலை முடித்துக்கொள்ளலாம் என்று எழுந்தார். ஒத்திகையிலேயே ஒரு குடும்பம் முழுசாகத் தொலைந்து போயிருக்கிறது, நிஜப் பாலைவனத்தில்கூட இப்படி நடப்பது அபூர்வம், முகாம் பெரிய வெற்றி, தனக்கு மாற்றலும் உயர்வும் வரலாம் என்றார். பள்ளிக்கூடத்துக்கும் சொல்லியாயிற்றாம், இரண்டு பெண்களும் தொலைந்துவிட்டார்கள் என்று. அப்புறம் ஒரு வாரம் கழித்து நான் பையைத் தூக்கிக்கொண்டு போனபோது, தொலைந்த பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கக் கழகம் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும் என்றார்கள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் அன்று அதெல்லாம் தெரியாது. அவர்கள் போகிறார்கள் என்பதே எங்களுக்குப் பெரிதாக இருந்தது.

வாசல்படி இறங்கும்போது சார் நின்றார்.

"அடுத்தது பனிமலைத் திட்டம். ஐஸ் பார்த்தே இல்லாத ஒரு குடும்பம் வேணும். ஒத்திகைக்குக் களம் அங்கேயே இருக்குது, மணலை வாரிட்டு உப்பைக் கொட்டணும், அவ்வளவுதான். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க."

சொல்லிக்கொண்டே பையைத் திறந்தார். கல்யாணப் பாக்கு இன்னும் தீர்ந்திருக்கவில்லை.

அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அம்மா சட்டென்று குனிந்து, வாசலில் கட்டியிருந்த செவலையின் மடியைப் பிடித்தாள். அத்தை இரண்டு கையையும் கழனித்தண்ணீர்ப் பானைக்குள் விட்டுவிட்டாள். நான் கன்றுக்குட்டியை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"பாப்பாவுக்கு," என்றார் சார்.

பெரியவர்கள் எது கொடுத்தாலும் இரண்டு கையால் வாங்க வேண்டும் என்று கண்ணம்மாளுக்கு அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். அவள் இரண்டு கையால் வாங்கினாள். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் பாவாடை நுனியை இழுத்து, அதற்குள் பாக்கை வைத்து, முடிச்சுப் போட்டாள். கூடாரக் கயிறு கட்டுவதற்குத் தங்கராஜ் சொல்லிக்கொடுத்த முடிச்சு. அவிழ்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

அவிழவில்லை.